சேலத்து ஆறு கடலோரத்தில் என்ன செய்கிறது

சேலத்துக்காரர்களிடம் ஆறு கடலில் கலக்கிற கழிமுகம், அங்கே உப்புநீரில் வளர்கிற அலையாத்திக் காடு என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் கடலோரத்துக்காரங்க பாடுங்க டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள். கடல் இங்கிருந்து வெகுதூரம், சரிதான். ஆனால் நம் மாவட்டத்தில் பெய்கிற மழையும், நம் வீட்டுச் சாக்கடையும், ஆலைக் கழிவும் எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும். அந்த எங்கேயோ, கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக் காடு உள்ள பிச்சாவரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு கழிமுகங்கள்.

நான் ஆத்தூர் போகிற சாலையில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளிச் சுற்றுச்சூழல் குழுவான பசுமைப் படைப் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் நடப்பதும், நீர் எடுத்துப் பார்ப்பதும் பல வருஷமாக நடக்கிறது. விடுமுறை கிடைத்தால் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரைக்கும் போய்வருவேன். இரண்டு முனையையும் பார்த்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை, இதே வேலையைத் தொடங்க நினைக்கிற ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆறுகள் போகும் வழி. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. அதே மலையிலிருந்து இறங்கும் சரபங்கா, ஓமலூர் வழியாக ஓடி அதுவும் காவிரிக்கே போகிறது. காவிரியில் வரும் வெள்ளத்தின் பெரும்பகுதி திருச்சி அருகே முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, பழையாறு அருகே கடலில் விழுகிறது. மலைக்குக் கிழக்கே வழி வேறு. பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று ஓடுகிற வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. புதுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வெள்ளாறு உண்டு, அது வேறு. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரம் காடு. அதாவது நாம் மேற்கே கொட்டினாலும் கிழக்கே கொட்டினாலும் அந்தக் காட்டின் ஏதோ ஒரு வாசலுக்குத்தான் போய்ச் சேருகிறது.

இந்த உறவு புதிதும் இல்லை. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது, அதற்குச் சேலத்து இரும்புத்தாதுதான் போனது. அந்த ஆலை என்றோ மூடிவிட்டது. இன்றைக்கும் சேலத்தில் ரயில் ஏறி விருத்தாசலம் பாதையில் போனால், ஆத்தூர், தலைவாசல் பக்கம் வசிஷ்ட நதியை விட்டு அதிகம் விலகாமலே போகலாம். மாணவர்களுக்கு ஆற்றைக் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. சன்னலோரம் உட்கார வைத்து, பாலம் வரும்போதெல்லாம் நீரின் நிறத்தைக் குறிக்கச் சொன்னால் போதும்.

அந்தப் பாதையில் அரவைக் காலத்தில் போனால் சன்னல் வழியே புளித்த வாடை வரும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் விளக்கத் தேவையில்லை. குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவோம். இந்தக் கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவிலிருந்து ஜவ்வரிசி செய்கிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருடைய வீட்டு அடுப்பு சேகோ ஆலை என்கிற ஜவ்வரிசி ஆலையின் கூலியில்தான் எரிகிறது, அதனால் இந்தத் தொழிலை எதிரியாகப் பார்க்கிற பேச்சு எனக்கு ஒத்துவராது. ஆனால் தொட்டியில் மாவு படிந்தபின் மேலே நிற்கிற நீர் இருக்கிறதே, அதைச் சுத்திகரிக்காமல் ஓடையில் திறந்துவிட்டால் ஆற்றின் மூச்சை அது நிறுத்திவிடும். அதில் கரைந்த மாவும் சர்க்கரையும் நிறைய. நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கினால் நீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் எடுத்துக்கொள்ளும். புளித்த நீர் என்பதால் அமிலத்தன்மை அதிகம். கிழங்கில் இயற்கையாக இருக்கும் சயனைடும் ஓரளவு சேர்ந்து வரும்.

மழைக்காலத்தில் ஆற்றில் நீர் புரண்டு ஓடும்போது இது நீர்த்துப்போகிறது. மழை நின்ற பிறகும் அரவை ஓடும். அப்போது ஆற்றுக்கென்று சொந்த நீர் இல்லை, ஓடுவதே கழிவுதான். அது கடல்வரை போவதும் இல்லை. மணலில் ஊறி, பள்ளங்களில் தேங்கி, கறுத்துக் கிடக்கிறது. "கடலுக்கே போகலையே, அப்புறம் கழிமுகத்துக்கு என்ன ஆகும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் அந்தப் பள்ளங்களை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போகிறது. மாதக்கணக்கில் சேர்ந்தது ஒன்றிரண்டு நாளில் ஒரே வீச்சில் கழிமுகத்தில் வந்து இறங்கும். பரங்கிப்பேட்டையில் வலை போடுகிற ஒரு அண்ணன் இதை என்னிடம் இப்படித்தான் சொன்னார்: "மொதத் தண்ணி கருப்பா வரும் டீச்சர். அன்னிக்கு நாங்க எறங்க மாட்டோம். அதுக்கப்புறம் செந்தண்ணி வரும். அது நல்ல தண்ணி, எறால் ஏறும்." நல்ல வெள்ளத்தையும் கெட்ட வெள்ளத்தையும் நிறத்தை வைத்தே பிரித்துவிடுகிறார். ஆற்றின் மேல்பகுதியில் என்ன நடந்தது என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சேலம் நகரத்துப் பங்கு இன்னொரு மாதிரி. திருமணிமுத்தாற்றில் வீட்டுச் சாக்கடையோடு சாயநீரும் வரும், கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியைக் கழுவுகிற அமில நீரும் சேரும். நகரத்துக்குக் கீழே நுரை பொங்குவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மாவும் சாக்கடையும் நாளடைவில் மக்கிப்போகும். உலோகம் மக்காது. அது களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு பயணம் போகும்.

எங்கே போய் நிற்கும் என்பதற்கு வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். எனக்குத் தெரிந்து கழிமுகத்தைப் புரியவைக்க இதைவிட எளிய வழி இல்லை. செம்மண்ணும் களிமண்ணும் கலந்த ஏரி மண்ணை ஒரு வாளி நீரில் நன்றாகக் கலக்கி, பெரிய துகள்கள் அடியில் உட்கார விட்டு, மேலே கலங்கி நிற்கிற நீரை மட்டும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கல் உப்பைப் போட்டுக் கரையுங்கள். அதுதான் கடல் நீரின் உப்பளவு. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். உப்புப் போட்ட புட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சிறு திரளாகும். திரள்கள் இறங்கத் தொடங்கும், மேலே தெளிவான பட்டை ஒன்று வந்து அகலமாகும். உப்பில்லாத புட்டி அடுத்த நாள் வரைக்கும் கலங்கலாகவே நிற்கும்.

ஆறு கடலைச் சந்திக்கிற இடத்தில் நடப்பது இதேதான். ஆற்றில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வருகின்றன. உப்பு அந்த விலகலைக் குறைத்துவிடுகிறது, அதனால் ஒட்டிக்கொண்டு அடியில் உட்காருகின்றன. உப்பு லேசாகத் தட்டுப்படும் இடத்திலேயே இது தொடங்கிவிடும். களிமண்ணோடு ஒட்டி வந்த உலோகமும் எண்ணெயும் பூச்சிமருந்தும் அங்கேயே படியும். அதனால்தான் ஆற்று அழுக்கு கடலில் கரைந்து காணாமல் போய்விடும் என்ற நம்பிக்கை தப்பு. கடலுக்குள் போகும் முன்பே, மீனும் நண்டும் குஞ்சு வளர்க்கிற அந்தச் சேற்றில் அதில் கணிசமானது தங்கிவிடுகிறது. புட்டியைப் பார்த்த பிறகு ஒரு பெண் கேட்டாள்: "அப்போ கழிமுகம்தான் வடிகட்டியா டீச்சர்?" ஆமாம். ஆனால் கழுவ முடியாத வடிகட்டி.

அந்தச் சேற்றில் கைவைத்துப் பிழைக்கிறவர்கள் பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் மக்கள். பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்துகொண்டே, ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். வலை இல்லை, படகு இல்லை. முகவாய் நீரைத் தொடும். கழிமுக மாசு என்றால் நாம் அட்டவணையில் எண்களைப் பார்க்கிறோம், இவர்களுக்கு அது தோலில் படுகிற விஷயம். மட்டி, ஆளி என்கிற சிப்பி வகைகளும் அங்கேதான் கிடைக்கின்றன. நீரை வடிகட்டித் தின்கிற உயிர்கள் என்பதால், நீரில் இருப்பதைவிட அதிகமாக அவற்றின் உடலில் உலோகம் சேரும்.

இறாலுக்கு வருவோம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு, கடல்நீர் ஏறிவருகிற ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. மடவை, கொடுவா போன்ற மீன்களும் குஞ்சுப் பருவத்தில் இந்த இடத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே கழிமுகத்தில் ஒரு பருவம் கெட்டால் அந்த நஷ்டம் கொஞ்ச காலம் கழித்துக் கடலில் வலை போடுகிறவர் மடியில் தெரியும். அப்போது யாரும் ஆற்றைக் காரணமாகச் சொல்வதில்லை.

இனி ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல் நீரில் 6 சொச்சம்தான். அதாவது கழிமுகம் கையிருப்பு குறைவாகவே கணக்கைத் தொடங்குகிறது. அதோடு எடை குறைந்த ஆற்றுநீர் மேலேயும் கனமான உப்புநீர் அடியிலேயும் அடுக்காக நிற்கும்போது, அடிநீருக்கு மேலிருந்து காற்று எட்டாது. அழுக்கு படிவதும் அங்கேதான். உரமும் சாக்கடையும் அதிகமாக வந்தால் பாசி பெருகும். பகலில் அது ஆக்சிஜன் தரும், இரவெல்லாம் எடுத்துக்கொள்ளும். விடிகிற நேரத்தில்தான் அளவு கீழே கிடக்கும். மதியம் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும். எனவே ஒரு நாளில் ஒரு தடவைதான் நீர் எடுக்க முடியும் என்றால் சூரியன் ஏறுமுன் எடுங்கள்.

அளப்பதற்கு விங்க்ளர் முறை போதும், பள்ளி ஆய்வகத்தில் வேண்டிய மருந்துகள் இருக்கும். காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சேர்த்தால் அளவு மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும், இல்லாவிட்டால் வெள்ளையாக. ஆனைமடுவு அணை நீரில் நல்ல பழுப்பு வந்தது. நகரத்துக்குக் கீழே திருமணிமுத்தாற்றில் எடுத்த புட்டியில் பால் வெள்ளையாகவே நின்றது. எண் எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

அதுவும் கைவசம் இல்லையா? மெத்திலீன் நீலம் இருக்குமே. புட்டி ததும்ப நீர் எடுத்து, சில சொட்டு நீலம் விட்டு, இறுக மூடி இருட்டில் வையுங்கள். பக்கத்தில் நல்ல நீரிலும் அதேபோல் ஒன்று. ஆக்சிஜன் தீரத் தீர நீலம் வெளுக்கும். மறுநாளே வெளுத்தால் அந்த நீரில் அழுக்கின் பசி அதிகம் என்று பொருள். நாலைந்து நாள் நீலம் நின்றால் பரவாயில்லை. இதோடு அமிலத்தன்மை காட்டும் தாள், வெப்பமானி, வெள்ளைத் தட்டில் கயிறு கட்டிச் செய்த தெளிவுமானி, அவ்வளவுதான் எங்கள் பை.

குறிப்பேட்டில் என்ன எழுதுகிறோம் என்பது கருவியைவிட முக்கியம். ஆற்றில் என்றால் தேதி, நேரம், கடைசி மழை எப்போது, மேலே அரவை ஓடுகிறதா. கழிமுகத்தில் என்றால் கூடவே கடல் ஏற்றமா வற்றமா, அமாவாசை பௌர்ணமிக்கு எவ்வளவு நாள். ஏற்றத்தில் எடுத்த நீர் கடலைச் சொல்லும், வற்றத்தில் எடுத்தது ஆற்றைச் சொல்லும். இது எழுதாத அளவீட்டை வைத்து யாரோடும் வாதாட முடியாது. அப்புறம் இன்னொன்று: பிள்ளைகளைச் சேற்றில் இறக்காதீர்கள். கையுறை போட்டு, கயிறு கட்டிய புட்டியைக் கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ விட்டு எடுங்கள். அலையாத்திச் சேறு முழங்கால்வரை உள்ளே இழுக்கும், வாடை அடிக்கும் ஓடையில் நச்சு வாயுவும் இருக்கலாம்.

கழிமுகத்துக் கேடு முழுவதும் மேலிருந்து வருவதில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கரையிலுள்ள ஊர்களின் சாக்கடை, இறால் பண்ணைகள் திறந்துவிடும் நீர், படகு எண்ணெய், அறுந்த வலை எல்லாமே அங்கேயே சேருகின்றன. இறால் பண்ணைகள் பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. கோடையில் ஆற்றுநீர் வராமல் போனால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் குறுகும், ஓதம் உள்ளே வந்து கழுவிவிடுவதும் குறையும். மேலே அணைகட்டி நீரை நிறுத்துவதும் ஒருவகையில் மாசுதான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் நீர்த்துப்போக நீர் வேண்டும்.

சரி, அழுக்கைப் பார்த்தபின் என்ன செய்வது? எங்கள் ஊருக்கு அருகில் ஒரு ஓடையில் இரவு நேரத்தில் வெண்கழிவு வந்துகொண்டிருந்தது. எந்த ஆலை என்பது ஊருக்கே தெரியும். நாங்கள் எடுத்த புட்டி சட்டத்தின் முன் சாட்சியம் ஆகாது. 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்குத் தெரிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுத்தால்தான் செல்லும். நம் புட்டியின் வேலை அவரைச் சரியான நேரத்தில் வரவைப்பது. அதற்கு நாள், மணி, இடம் தெரிகிற படங்களைத் தொடர்ந்து சேர்த்து, எந்தக் கிழமை எந்த நேரம் திறக்கிறார்கள் என்று காட்டவேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்து மனு கொடுத்தால், அதிகாரி வரும் நாளில் ஓடை காய்ந்து கிடக்கும்.

மனுவை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். எவ்வளவு கழிவு, எங்கே, எந்தத் தரத்தில் விடலாம் என்று அதில் இருக்கும். ஆற்றில் விடுகிற கழிவுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. சுத்திகரிக்காத சேகோ நீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்கள் ஓடை விஷயத்தில் படமும் இசைவாணையும் ஒன்றாக மேசைக்கு வந்த பிறகுதான் பேச்சு மாறியது. அதுவரை "ஊர்ச் சாக்கடைதான்" என்றார்கள்.

ஆலைக்காரர்களோடு பேசவும் வழி இருக்கிறது. அதே சேகோ நீரை மூடிய கலனில் அடைத்து எரிவாயு எடுக்கிற ஆலைகள் நம் மாவட்டத்திலேயே ஓடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் மாவைத் தின்று மீத்தேனாக மாற்றும், அதில் உலர்த்தும் அடுப்பும் ஜெனரேட்டரும் ஓடும். வெளியே வரும் நீரின் பாரமும் வெகுவாகக் குறையும். கிழங்குப் பாலை வடிகட்டியபின் மிஞ்சுகிற திப்பி மாட்டுத் தீவனமாகப் போய்விடுகிறது. கழிவைக் காசாகப் பார்க்கிற ஒரு ஆலைக்காரர், பக்கத்து ஆலைக்காரரிடம் பேசுவது எங்கள் மனுவைவிட வேகமாக வேலை செய்தது. மலைமேல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் பழத்தோலை ஓடையில் தள்ளாமல் உரக்குழிக்கு அனுப்பினால் அறுவடைக் கால அமிலம் ஓடைக்கு வராது. இதற்குச் செலவும் இல்லை.

கிராம சபைதான் பலரும் கைவிட்டுவிடுகிற இடம். இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஆற்றைப் பற்றிய தீர்மானத்துக்கு அன்றைக்கு எவரும் முகம் சுளிக்க முடியாது. அக்டோபர் 2 அதைவிட முக்கியம், பருவமழை இறங்குவதற்கு முன் வருவதால். ஆற்றுப் பள்ளங்களில் தேங்கிய கழிவை முதல் வெள்ளத்துக்கு முன் அகற்றவேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எண்ணோடு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது ஆத்தூர் பாலத்தில் நீர் ஏறினால் நாங்கள் பரங்கிப்பேட்டைக்குத் தொலைபேசியில் சொல்கிறோம்: நிறம் இது, நுரை இவ்வளவு, வாடை உண்டா இல்லையா. அங்கே கருநீர் வந்து சேர்ந்த நேரத்தையும், மீன் மிதந்ததா என்பதையும் அவர்கள் திரும்பச் சொல்கிறார்கள். இரண்டு பக்கக் குறிப்பையும் ஒரே நோட்டில் எழுதி வைக்கிறோம். சேத்தியாத்தோப்பில் யாராவது சேர்ந்தால் நடுவில் உள்ள இடைவெளியும் நிரம்பும். கொள்ளிடக் கரையிலும் இதேபோல் ஆள் வேண்டும். சேலம் நகரத்தில் திருமணிமுத்தாற்றைப் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பழையாற்றில் இன்னும் பேச்சுத்துணை கிடைக்கவில்லை.